பொன்வட்டம் வைக்காத படம்

1

இந்தக் கதை ஒரு முட்டாள்தனத்தில் பிறந்தது. முட்டாள் நான்தான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராஜஸ்தானின் மேவாருக்குக் குடிவந்த புதிதில், வீட்டுக்காரர் பன்வர்லால்ஜியின் கூடத்தில் மாட்டியிருந்த ஒரு பழைய படத்தின் முன் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஏரி, மலை, காடு, கோட்டை, எல்லாம் பருந்து பார்ப்பதுபோல மேலிருந்து. ஏரிக்கரையில் ஒரு ராஜா. புதருக்குப் பின்னால் ஒரு ராஜா. மரத்தடியில் சாப்பிடும் ஒரு ராஜா. மொத்தம் ஐந்து.

"ஒரு வேட்டைக்கு அஞ்சு ராஜாவா?" என்றேன்.

பன்வர்லால்ஜி உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், எல்லாரும் வாங்க! நம்ம மதராஸி சாரு அஞ்சு ராஜாவைப் புடிச்சிருக்காரு!"

வந்தார்கள். சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து சிரித்துவிட்டுப் போனார். பிறகுதான் பன்வர்லால்ஜி விளக்கினார்: "காலையில கெளம்புறாரு, மத்தியானம் சாப்பிடுறாரு, சாயங்காலம் வீட்டுக்கு வர்றாரு. ஒரே ஆளு. ஒரு முழு நாளையும் ஒரே தாள்ல போட்டிருக்கான். தலைக்குப் பின்னால தங்க வட்டம் இருக்கே, கண்ணுல படலியா?"

அப்போதுதான் பட்டது. ஐந்து ராஜாக்களுக்கும் அந்த வட்டம் இருந்தது. 'என்னை ஒரு முறைதான் எண்ண வேண்டும்' என்று பார்க்கிறவருக்குச் சொல்லும் அடையாளம் அது. இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும்.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. அந்த வட்டம் வைப்பதற்கு முன்னால், என்னைப் போன்ற ஒரு வெளியூர்க்காரன் எண்ணியிருந்தால்? அவன் கையில் படையும் இருந்திருந்தால்?

அந்தக் கேள்விக்குத்தான் ஊரும் ஆட்களும் கட்டினேன். சாம்லகட் என்ற கோட்டையைத் தேடி யாரும் பஸ் ஏற வேண்டாம். அது இந்தப் பக்கங்களில் மட்டும்தான் இருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று: "சாம்லகட்டின் மதில்மேல் அந்தி வானம் செக்கச் செவேலென்று—"

[வேண்டாம். கதை நடக்கும் நாட்களில் ஓவியர் கேசூவிடம் கறுப்பு மை மட்டும்தான் இருந்தது. அவரிடம் இல்லாத சிவப்பை நான் செலவழிப்பது நியாயமில்லை.]

தொடக்கம் இரண்டு: "அது கெட்ட காலம். கூலிப்படைகள் மேவார் முழுவதும் ஊர் ஊராகப் புகுந்து—"

[பாடப்புத்தகம் போல இருக்கிறது. அதோடு, கெட்ட காலத்தில் இருப்பவர்கள் அதைக் கெட்ட காலம் என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். உப்பு கிடைக்கவில்லை என்பார்கள்.]

தொடக்கம் மூன்று:

"சமையல் மஞ்சளைப் பூசிட்டு வேலைய முடிக்க வேண்டியதுதானே?" என்றாள் ஜம்கு.

கேசூ படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மனைவி தன் தொழிலில் யோசனை சொன்னால் அவருக்குக் காது கேட்காது.

"உங்களத்தான். சோளமாவுக்கே வழியில்லாத ஊர்ல, தங்கம் தேடி உதய்பூருக்குப் போறாராம். வழியெல்லாம் குதிரைப்படை சுத்துது."

"பொன்னு வைக்கிற எடத்துல பொன்னுதான் வைக்கணும்."

"மஞ்சள் வச்சா ராவத்ஜிக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"ஆமா, பெரிய இவரு," என்று ஜம்கு வழிக்கு ரொட்டியும் மிளகாய்ச் சட்னியும் கட்டிக்கொடுத்தாள். முடிச்சை வழக்கத்தைவிட இறுக்கமாகப் போட்டாள்.

[இதுவே இருக்கட்டும். அந்த மஞ்சளை மட்டும் மறந்துவிடாதீர்கள். கேசூ மனைவி பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதையும் இல்லை, சாம்லகட்டும் இல்லை.]

3

அவசரப்படாமல் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கு விளக்குவது பிடிக்கும். பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குப் போய், பிறகு ஏதாவது புரியாமல் இங்கே திரும்பி வரலாம்.

சாம்லகட்டின் தலைவரை ஊரார் ராவத்ஜி என்பார்கள்; நேரில் 'ஹுகம்' என்று அழைப்பார்கள். வசந்தம் பிறந்ததும் அவர் பரிவாரத்தோடு பச்சை உடுத்தி வேட்டைக்குப் போவது வழக்கம். அன்று காட்டுப்பன்றி விழுந்தால் ஆண்டு நன்றாக இருக்கும். ஒரு காலத்தில் முந்நூறு குதிரைகள் கூடப் போனதுண்டு. சம்பளம் நின்றபின் ஒவ்வொருவராகக் கழன்று, இந்த ஆண்டு மிஞ்சியது நாற்பது. ஆனாலும் போனார்கள். பன்றியும் விழுந்தது.

திரும்பி வந்த ராவத்ஜி, கேசூவைக் கூப்பிட்டார். "மொத்த நாளையும் போடு. ஆளைவிட நெலத்தப் பெருசாப் போடு. ஏரி, கணவாய், ஆலமரம், ஒண்ணு விடாத. அடுத்த வருஷம் இதெல்லாம் யாரு கையில இருக்குமோ."

அரண்மனை ஓவியர்கள் எல்லோரும் அரசரின் மீசையைப் பெரிதாக வரைந்துகொண்டிருந்த காலத்தில், கேசூவுக்கு இப்படி ஒரு நிலக்காட்சி வாய்த்தது.

நாலைந்து தாள்களைப் பசையால் ஒட்டி, பூச்சி வராமலிருக்கப் பசையில் துளி மயில்துத்தம் கலந்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல ஆக்கினார். விளக்குக் கரியில் மை. அணில்வால் முடியில் தூரிகை. வேட்டை நாளில் ஒன்பது கட்டங்கள்: வாசல், ஏரிக்கரை, கணவாய், காடு, பன்றி, ஆலமரத்தடிச் சாப்பாடு, கோயில், ஏரியின் மறுகரை, மறுபடி வாசல். எனவே ஒன்பது ராவத்ஜிகள், ஒன்பது குடைகள், ஒவ்வொரு குடைக்கும் பின்னால் நாற்பது குதிரைகள்.

மற்ற ஓவியராக இருந்தால் பத்துக் குதிரை வரைந்துவிட்டு மீதிக்குப் புள்ளி வைப்பார். கேசூ எள்ளளவுக் குதிரையையும் முழுதாக வரைந்தார். டூங்கர் என்ற வீரனின் குதிரைக்கு இடக்காது சின்ன வயதில் அடிபட்டு மடங்கிப் போயிருந்தது. அந்தக் காதையும் மடக்கி வரைந்தார். ஒன்பது முறையும்.

வண்ணம் விற்கும் வியாபாரிகள் அந்த ஆண்டு வரவில்லை. "மைப்படமாவே இருக்கட்டும். வட்டத்துக்கு மட்டும் பொன்னு வை," என்று ராவத்ஜி தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அதை மெல்லிய தகடாக அடித்துத் தர ஆள் உதய்பூரில்தான் உண்டு. எவ்வளவு தேவைப்படும் என்று காட்ட, படத்தையும் சுருட்டி மூங்கில் குழாயில் போட்டு எடுத்துக்கொண்டார் கேசூ.

பொன்னை ஏன் கடைசியில் வைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். (கேட்காவிட்டாலும் சொல்வேன்.) பொன்னைப் பூசியபின் பன்றியின் கோரைப்பல்லால் தேய்த்தால்தான் மின்னும்; அதன்மேல் பிறகு கை பட்டால் மங்கிவிடும். முன்கூட்டியே மையால் வட்டம் போட்டுவைத்தாலும் பொன்னுக்கு அடியில் அழுக்காகத் தெரியும். அதனால் கேசூ கோடுகூட இழுக்கவில்லை. குழாய்க்குள் இருந்த படத்தில் ஒன்பது தலைகளுக்குப் பின்னாலும் வெறும் தாள்தான் இருந்தது.

4

இரண்டாம் நாள் நண்பகல், இலுப்பைப் பூ உதிரும் ஒரு சரிவில் கூலிப்படையினர் கேசூவைப் பிடித்தார்கள். மோதிரம் முதலில் போயிற்று. பிறகு ரொட்டி. மூங்கில் குழாயைத் திறந்து பார்த்தவன் பணம் இல்லை என்று தூக்கி எறியப் போனான். உள்ளே தாளைக் கண்டதும் ஓலை ஏதோ என்று தலைவனிடம் கொண்டுபோனான்.

தலைவன் பெயர் நிம்பாஜி. தெற்கே இருந்து வந்தவன். இருநூறு குதிரை, இரண்டு பீரங்கி. மழை தொடங்கும்வரை படையோடு தங்க, தண்ணீருள்ள ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தான். அப்படித் 'தங்கிய' ஊர்கள் பிறகு எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கதவுகள்கூட விறகாகியிருக்கும்.

படத்தைக் கல்லின் மேல் விரித்ததும் நிம்பாஜியின் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! தண்ணியப் பாருங்கடா!"

ஏரியை அவ்வளவு உயிரோடு வரைந்ததற்காகக் கேசூ முதன்முறையாகத் தன்னை நொந்துகொண்டார்.*

பிறகு நிம்பாஜி குனிந்தான். ஆள்காட்டி விரல் ஏரிக்கரையில் நின்றது. கணவாய்க்குப் போயிற்று. ஆலமரத்துக்குப் போயிற்று. உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தான்.

கேசூவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் வட்டம் இல்லாத ஒன்பது தலைகளையும் பார்த்தார்.

"ஒம்போது குடை, ஒம்போது தலைவன்," என்றான் நிம்பாஜி. "குடைக்கு நாப்பது. முன்னூத்தி அறுவது குதிரை. ஏ படக்காரா, நீ பாத்தத வரையற ஆளா, நெனச்சத வரையற ஆளா?"

"பாத்தத மட்டும்தான், சர்தார். பாக்காத ஒரு குளம்பக்கூட நான் போட்டதில்ல."

"எப்ப பாத்தே? வருஷக்கணக்காவா?"

"ஒரே நாள்ல, சர்தார். இந்த வசந்தத்துலதான்."

ஒரு சொல் பொய்யில்லை.

"டூங்கரக் கூப்புடு," என்றான் நிம்பாஜி.

* நிம்பாஜி மராத்தியும் கேசூ மேவாரியும் பேசினார்கள். இரண்டையும் நான் தமிழாக்கியிருக்கிறேன். திட்டும்போது மட்டும் இருவருக்கும் பொதுவான ஒரு மொழி இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

5

இந்த டூங்கர்மீது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மூன்றாம் பகுதியில் அவன் ஒரு காது மடங்கிய குதிரையோடு சும்மா வந்துபோனவன். இப்போது எதிரிக் கூடாரத்திலிருந்து வெளியே வருகிறான். வேட்டை முடிந்த பத்தாம் நாள் சாம்லகட்டை விட்டுப் போய், நிம்பாஜியிடம் சேர்ந்து, 'அங்க நாப்பதே பேருதான்' என்று சொல்லியும் விட்டான். துரோகி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். எழுதியும் பார்த்தேன்: "டூங்கர் பேராசை பிடித்தவன், அவன் கண்களில்—"

[அடித்துவிட்டேன். இரண்டு ஆண்டு சம்பளம் இல்லாமல் தன் குதிரைக்குத் தானே புல் அறுத்துப் போட்டவனைப் பேராசைக்காரன் என்று எப்படிச் சொல்வது? அவன் கண்களைக் கேசூவும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.]

"நாப்பதுன்னே," என்றான் நிம்பாஜி. "இதுல முன்னூத்தி அறுவது இருக்கு. படக்காரன் சத்தியம் பண்றான். ஒருத்தன் புளுகுறான். யாருன்னு தெரிஞ்சதும் அந்த நாக்கு எனக்கு வேணும். சீக்கிரம். குதிரைங்களுக்குத் தாகம்."

இருவர் சொன்னதும் உண்மை என்பது அந்தச் சரிவில் கேசூவுக்கு மட்டும்தான் தெரியும். 'வட்டம் இன்னும் வைக்கல, சர்தார்.' இந்த ஒரு வாக்கியம் போதும்; டூங்கர் பிழைப்பான். இருநூறு குதிரைகளும் நாளைக் காலை ஏரியில் தண்ணீர் குடிக்கும். ஜம்கு வீட்டில் கதவைச் சாத்தித் தாழ் போடுவாள். அந்தக் கதவு விறகாகும். சொல்லாவிட்டால் ஊர் பிழைக்கும். டூங்கரின் நாக்கு போகும்.

காட்டிக்கொடுத்தவன்தானே, போகட்டும் என்று நினைக்கக் கேசூ முயன்றார். ஆனால் அந்தக் குதிரையின் காதை ஒன்பது முறை மடக்கியவர் அவர். ஒருவரை ஒன்பது முறை உற்றுப் பார்த்துவிட்டால், பிறகு போகட்டும் என்று விடுவது கடினம். வாய் திறந்தார்.

"சர்தார், அந்தப் படத்துல இன்னும்—"

"சும்மா இரு, சித்தேரா," என்றான் டூங்கர். ஓவியர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "படத்த நான் பாக்குறேன்."

6

டூங்கர் முழங்காலிட்டுப் படத்தைப் பார்த்தான். அவன் சாம்லகட்டில் பிறந்தவன். ஒரே ஆள் ஒரே தாளில் காலையிலிருந்து மாலைவரை நடப்பதைப் பார்த்து வளர்ந்தவன். புரிய ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. வாசலில் தன் குதிரையைக் கண்டான். கணவாயில் கண்டான். ஆலமரத்தடியில் அது மேய்ந்துகொண்டிருந்தது. டூங்கர் மூக்கால் சிரித்தான்.

"என்னடா இளிப்பு?"

"ஒண்ணுமில்ல, சர்தார். நம்ம ஊரு அழகா இருக்கு."

அதற்குள் நிம்பாஜியும் மறுபடி குனிந்துவிட்டான். இந்த முறை குடைகளை விட்டுவிட்டுக் குதிரைகளைப் பார்த்தான். குதிரை பார்க்கத் தெரிந்தவன். விரல் நின்றது.

"இது என்ன? காது மடங்கின குதிரை. இங்க ஒண்ணு. இங்கயும் ஒண்ணு. இங்கயும்." நிமிர்ந்து, மரத்தில் கட்டியிருந்த டூங்கரின் குதிரையைப் பார்த்தான். அதுவும் இடக்காதை மடக்கிக்கொண்டு இலுப்பைப்பூ தின்றுகொண்டிருந்தது.

கேசூ கண்ணை மூடிக்கொண்டார். புள்ளி வைத்திருக்கலாம். மற்ற ஓவியர்கள்போலப் புள்ளி வைத்திருக்கலாம்.

"அதக் கேக்காதீங்க, சர்தார்," என்றான் டூங்கர். "எங்க ராவத்ஜிகிட்ட ஒரு பொலிகுதிரை இருந்துச்சு. காது மடங்கினது. அது வேலி தாண்டாத கொட்டகையே ஊருல இல்ல. இப்ப எந்தக் குட்டி பொறந்தாலும் ஒரு காது மடங்கிருது. எங்க ஊருப் பொம்பளைங்க அதப் பாத்தாலே முக்காட்ட இழுத்து விட்டுக்குவாங்க."

சுற்றி நின்ற வீரர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவன், "உனக்கும் காது மடங்கியிருக்கா பாருடா!" என்றான். நிம்பாஜியும் சிரித்துவிட்டான்.

"அப்ப நாப்பதுன்னு ஏன் சொன்னே?"

"நாப்பது வாசல்காவல், சர்தார். அத மட்டும் சொன்னேன். முன்னூத்தி அறுவதுன்னு சொன்னா, ராவத்ஜி அனுப்பின ஆளு, பயங்காட்டுறான்னு என்னையே வெட்டியிருப்பீங்க. எனக்கு ஒரு வேள கஞ்சி வேணும். அவ்வளவுதான்."

[நிம்பாஜி இதை நம்பினானா? ஐந்து நாட்களாக இந்த இடத்தில் நிற்கிறேன். நம்பினான் என்று எழுதினால் அவனை மடையனாக்குகிறேன். நம்பவில்லை என்றால் ஏன் போனான்? குதிரைகள் இளைத்திருந்தன. பீரங்கி வண்டி ஒன்றுக்கு அச்சு முறிந்திருந்தது. கணவாய் ஏற வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று அவனும் இருந்திருக்கலாம். சிரித்து முடித்தவனுக்குச் சண்டை போடுவது கொஞ்சம் சிரமம் என்பதும் உண்டு. நான் கண்டது இவ்வளவுதான்: அவன் படத்தை மிகக் கவனமாக, ஓரம் மடங்காமல், சுருட்டினான்.]

"கெழக்க போவோம்," என்றான். "ஏ படக்காரா, இத எடுத்துக்க. நல்லா வரையற. மோதிரம் என்கிட்ட இருக்கட்டும். டூங்கர், சிரிக்க வச்சே, நாக்கு பொழைச்சுது. நீ கெளம்பு. கொறைச்சு எண்ணுறவன் என் படைக்கு வேண்டாம். நொண்டிக் காதையும் ஓட்டிட்டுப் போ."

7

இரண்டு பேரும் ஒரு குதிரையுமாக நடந்தார்கள். முதல் வளைவு வந்தது. தாண்டியதும் கேசூ வழியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். டூங்கர் தோல்பையிலிருந்து தண்ணீர் கொடுத்தான்.

"பொலிகுதிரையாம்," என்றார் கேசூ. "வேலி தாண்டுமாம்." சிரிக்க ஆரம்பித்தார். தண்ணீர் மூக்கில் ஏறியது. டூங்கரும் முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தான். குதிரை இருவரையும் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கணவாய் பிரியும் இடத்தில் டூங்கர் நின்றான்.

"வா, ஊருக்குப் போலாம்."

"வந்தா ராவத்ஜி கழுத்த எடுத்துருவாரு."

"நான் சொல்றேன். ஊரக் காப்பாத்துனது இவந்தான்னு."

"யாருகிட்ட இருந்து காப்பாத்துனேன்? நாப்பது பேருதான்னு எண்ணிக் குடுத்தவன்கிட்ட இருந்துதானே? அவன் யாருன்னு கேப்பாரு, சித்தேரா. அப்ப என்ன சொல்லுவே?"

டூங்கர் குதிரையின் மடங்கிய காதை நிமிர்த்திவிட்டான். அது மறுபடி மடங்கிக்கொண்டது.

"நீ போ. ஜம்கு அண்ணி தேடுவாங்க."

8

ஜம்கு தேடியிருந்தாள். திட்டினாள். மோதிரமும் போச்சு, தங்கமும் இல்லை, ரொட்டி கட்டிய துணியும் இல்லையா என்று கேட்டாள். நடந்ததைக் கேட்டு முடித்ததும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். "மஞ்சள் பூசச் சொன்னேனே, பாவி நான்," என்றாள். அன்று கதவை அகலத் திறந்துவைத்தே சமைத்தாள்.

ராவத்ஜி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "முன்னூத்தி அறுவது பேரா! சம்பளம் கேக்காம!" வேறு ஒரு நகை தருகிறேன், வட்டத்தை முடித்துவிடு என்றார்.

"வேண்டாம், ஹுகம்," என்றார் கேசூ. "வட்டம் வச்சா எண்ணிருவாங்க."

ராவத்ஜிக்கு அது பிடித்திருந்தது. சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "அது சரி. அந்தப் பொலிகுதிரைக் கதையச் சொன்னது யாரு?"

இங்கே நான் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கேசூ, "தெரியல, ஹுகம். யாரோ வழிப்போக்கன்" என்கிறார். பார்க்காத குளம்பை வரையாதவர் சொல்லும் முதல் பொய். இன்னொன்றில் எல்லாவற்றையும் சொல்கிறார், ராவத்ஜி எழுந்து சன்னல் பக்கம் போகிறார். மூன்றாவது—

மூன்றாவதை முடிக்கவில்லை. முடிக்காத படம் ஒரு ஊரைக் காப்பாற்றியதைப் பார்த்தபின், முடிப்பதில் எனக்கு முன்போல அவசரம் இல்லை. என்னிடம் பொன்னும் இல்லை.

ஒரு நாள் ஒருவன் ஊரைக் காட்டிக்கொடுக்கிறான். இன்னொரு நாள் ஒருவன் தன் நாக்கைப் பணயம் வைத்து அதே ஊரைக் காப்பாற்றுகிறான். இரண்டு பேர் என்று எண்ணுவதா? ஒரே தாளில் ஒரே ஆள் என்று எண்ணுவதா? நிம்பாஜியைப் போல எண்ணினால் ஒருவனைத் தூக்கிலிட்டு மற்றவனுக்கு மாலை போடலாம். பன்வர்லால்ஜி வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தபின், எனக்கு எண்ணிக்கையில் நம்பிக்கை போய்விட்டது.

கேசூ அதற்குப் பிறகு அந்தப் படத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். கணவாய் பிரியும் இடத்தில் இருந்த இரண்டு புதர்களைச் சுரண்டி எடுத்து, கல்லால் தேய்த்து, பாதையைத் தெளிவாக்கினார். ஒரு குதிரையின் நீளத்துக்கு அங்கே வெறும் தாள் இருக்கிறது. டூங்கரின் குதிரை ஊரைப் பார்த்து வருகிறதா, வெளியே போகிறதா என்று அவர் வரையவில்லை.

தூரிகையை உங்கள் பக்கம் வைத்துவிட்டு எழுந்துகொள்கிறேன். முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. இடக்காதை மட்டும் மடக்கிவிடுங்கள்.